சிறுநீரகக் கணக்கில் நுழைந்த நிறம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சில ஆண்டுகள் முன்பு வரை அமெரிக்காவில் சிறுநீரகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. சோடியத்துக்கு ஒரு எண், பொட்டாசியத்துக்கு ஒரு எண், கிரியாட்டினினுக்கு ஒரு எண் என்று வரிசையாக வரும். சிறுநீரகத்தின் வடிதிறனுக்கு மட்டும் பல லேப்களில் இரண்டு எண்கள் அச்சாகும். ஒன்றின் பக்கத்தில் ‘ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால்’ என்று இருக்கும். மற்றதன் பக்கத்தில் ‘ஆப்பிரிக்க அமெரிக்கர் அல்லாதவர் என்றால்’. ரத்தம் ஒன்றுதான், அது நிரம்பிய குழாயும் ஒன்றுதான். எந்த எண்ணைப் பார்ப்பது என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் நிறத்தைப் பார்த்து டாக்டர் முடிவுசெய்துகொள்வார்.

கறுப்பினத்தவருக்கான எண் எப்போதும் பெரியதாகவே இருக்கும். எண் பெரிதானால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அதாவது, ஒரே வயதில், ஒரே ரத்தப் பரிசோதனை எண்களோடு ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் வந்தால், கறுப்பரிடம் ‘உங்களுக்கு அவ்வளவு மோசமில்லை’ என்று ரிப்போர்ட் சொல்லிவிடும்.

இனப்பாகுபாடு உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்று பேசும்போது பொதுவாக நம் கண்முன் வருவது ஒரு கெட்ட மனிதர்: நோயாளியை விரட்டும் நர்ஸ், வலியை நம்ப மறுக்கும் டாக்டர். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் இந்த நிகழ்வில் அப்படி யாருமே தேவைப்படவில்லை. எல்லோரும் நல்லவர்களாக, சட்டப்படி, பாடப்புத்தகப்படி நடந்துகொண்டாலும் தீங்கு நடந்துகொண்டே இருந்தது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு நோயாளி, மூன்று விடைகள்

ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். ஆள்தான் கற்பனை, கீழே வரும் விடைகள் அந்தந்தக் காலத்தில் புழங்கிய சூத்திரங்களில் போட்டால் கிடைப்பவை. வயது 50, ஆண், கறுப்பினத்தவர். பல வருடங்களாக ரத்த அழுத்தம். கிரியாட்டினின் 3.6.

கிரியாட்டினின் என்பது தசையில் உண்டாகும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றும். வடிகட்டி பழுதானால் ரத்தத்தில் அது தேங்கும். தேங்கிய அளவைக் கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சிறுநீரகங்கள் சுத்தம் செய்கின்றன என்று ஒரு சூத்திரம் மதிப்பிடும். ஆரோக்கியமான இளைஞருக்கு அது 90-க்கு மேல் இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே போனால் சிறுநீரக நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அமெரிக்க விதிப்படி 20 அல்லது அதற்குக் கீழே வந்தவருக்குத்தான், இறந்தவர் தானமாகத் தரும் சிறுநீரகத்துக்கான பட்டியலில் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கும். இல்லையென்றால் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து ஓடும்.

நம் ஆளின் 3.6-ஐ, 2009-இல் வெளியாகிப் பரவலாகப் புழங்கிய சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டால், கறுப்பர் அல்லாதவர் என்ற கணக்கில் விடை 19. கறுப்பர் என்று குறித்தால் அதே விடையை 1.159 ஆல் பெருக்க வேண்டும். வருவது 22.

19 என்றால் காத்திருப்புக் கடிகாரம் இன்றைக்கே ஓடத் தொடங்கலாம். 22 என்றால் ‘ஆறு மாதம் கழித்து வாருங்கள், பார்க்கலாம்’. இதே வயதுள்ள வெள்ளை ஆணுக்குக் கிரியாட்டினின் 3.4 வந்தாலே 20-க்குக் கீழே இறங்கிவிடுவார். நம் ஆள் 3.8-ஐத் தாண்ட வேண்டும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு புள்ளி வீதம் தேயும் சிறுநீரகம் என்று வைத்துக்கொண்டால், 22-லிருந்து 20-க்கு வர ஒரு முழு வருடம் ஆகும். வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது காத்திருந்த காலம்தான். அங்கே ஒரு வருடம் பெரிய சொத்து. டயாலிசிஸுக்குப் போகும் முன்பே மாற்று சிறுநீரகம் கிடைத்தவர்கள், டயாலிசிஸில் சில வருடங்கள் ஓட்டியவர்களைவிடப் பொதுவாக நன்றாக இருப்பார்கள். வாரம் மூன்று நாள், நாளுக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்காமல் நாற்காலியில் கிடப்பது வேலையையும் தின்னும், உடம்பையும் தின்னும்.

மூன்றாவது விடையைப் பின்னால் சொல்கிறேன்.

1.2 வந்த வழி

இந்தப் பெருக்கல் எண் நேற்று முளைத்ததில்லை. 1999-இல் ஆண்ட்ரூ லீவி என்ற சிறுநீரக மருத்துவரும் அவருடைய குழுவினரும் எம்டிஆர்டி என்ற சூத்திரத்தை வெளியிட்டார்கள். சிறுநீரக நோயில் உணவுக் கட்டுப்பாடு பலன் தருமா என்று பார்க்க நடந்த ஒரு பெரிய ஆய்வின் 1,628 பேரிடமிருந்து கிடைத்த தகவலைக் கொண்டு உருவானது அது. அவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 12 சதவீதம், 200 பேருக்கும் குறைவு. உடம்பில் ஒரு பொருளைச் செலுத்தி, அது வெளியேறும் வேகத்தை அளந்து, உண்மையான வடிதிறனைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கிரியாட்டினினோடு ஒப்பிட்டபோது, ஒரே கிரியாட்டினின் உள்ள இருவரில் கறுப்பினத்தவருக்குச் சராசரியாக வடிதிறன் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. அந்தக் கொஞ்சத்தைச் சூத்திரத்துக்குள் கொண்டுவர ஒரு எண்ணைச் சேர்த்தார்கள். முதலில் அது 1.18. சூத்திரத்தை எளிமையாக்கிய வடிவத்தில் 1.212 ஆனது. 2009-இல் சிகேடி-எபியில் 1.159 ஆகக் குறைந்தது.

நேர்மையாகச் சொன்னால், இதைச் செய்தவர்கள் கறுப்பர்களைக் கெடுக்க நினைக்கவில்லை. எண்கள் காட்டியதைச் சூத்திரத்தில் வைத்தார்கள். அவர்களுக்கு இதில் நல்லெண்ணம்கூட இருந்திருக்கலாம்: கறுப்பினத்தவருக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாதே என்று.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. யார் கறுப்பர்? அந்த ஆய்வில் அதை ஆய்வுப் பணியாளர்களே குறித்தார்கள். அதற்கென்று தெளிவான வரையறை எதுவும் கிடையாது. வடிதிறனை நுணுக்கமாக அளந்த அதே ஆய்வு, சூத்திரத்தின் ஒரு முக்கியமான உறுப்பைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டது. அப்பா கறுப்பர், அம்மா வெள்ளையர் என்றால் பெருக்க வேண்டுமா? பாதி பெருக்க வேண்டுமா? சூத்திரத்திடம் பதில் இல்லை. அப்படி ஒரு நோயாளி டாக்டரை மாற்றினால், ஒரே வாரத்தில் அவருடைய சிறுநீரகம் 14 சதவீதம் கெட்டுப்போகவோ 16 சதவீதம் தேறிவிடவோ கூடும்.

ஏன் இந்த வித்தியாசம் என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கம், கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்பது. தசை அதிகமானால் கிரியாட்டினினும் அதிகம் உற்பத்தியாகும், ஆகவே திருத்தம் தேவை என்ற வாதம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் காட்டப்பட்ட ஆதாரம் சில சின்னச் சின்ன ஆய்வுகள். தசைதான் காரணம் என்றால் தசையை அளக்கலாமே! உடற்பயிற்சிக் கூடத்தில் பழியாகக் கிடக்கும் வெள்ளை இளைஞனுக்குப் பெருக்கல் கிடையாது. எலும்பும் தோலுமாகச் சக்கர நாற்காலியில் வரும் கறுப்பு மூதாட்டிக்குப் பெருக்கல் உண்டு. இதை எந்தக் கணக்கு வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மருத்துவத்தில் இந்த நினைப்புக்கு நீண்ட வேர் இருக்கிறது. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்கத் தென்மாநில மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அதே ஆள்தான் நுரையீரல் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரைக் கொண்டு, கறுப்பினத்தவருக்கு நுரையீரல் திறன் 20 சதவீதம் குறைவு என்றும் சொன்னார். அடிமைப்படுத்தி வயலில் வேலை வாங்குவது அவர்கள் ரத்தத்துக்கு நல்லது என்பது அவர் கட்சி. அந்த மனநோயை மருத்துவம் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டது. இனத்துக்கு ஏற்ப ‘திருத்தும்’ பழக்கம் மட்டும் ஸ்பைரோமீட்டரில் நம் காலம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இனம் பார்க்காத அளவுகோலுக்கு மாறச் சொன்னது 2023-இல்தான். சிறுநீரகச் சூத்திரத்தை எழுதியவர்களுக்கும் கார்ட்ரைட்டுக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. கறுப்பு உடம்பு வேறு மாதிரியானது என்று சொன்னால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது என்ற சூழல் மட்டும்தான் பொது. ஆச்சரியப்படாததால்தான் சுமார் இருபது வருடம் பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை.

இவர்களுக்கு ஏன் இவ்வளவு சிறுநீரக நோய்?

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். டயாலிசிஸில் இருப்பவர்களில் அவர்கள் பங்கு சுமார் மூன்றில் ஒன்று. சிறுநீரகம் முழுக்கச் செயலிழக்கும் அபாயம் வெள்ளையரைவிட அவர்களுக்கு மூன்று மடங்குக்கும் அதிகம் என்பது நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம். இப்படி ஒரு மக்கள் கூட்டத்துக்குத்தான் ‘உங்கள் சிறுநீரகம் 16 சதவீதம் நன்றாக இருக்கிறது’ என்று சூத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது.

காரணங்களைத் தேடினால் முதலில் சர்க்கரை நோய், அடுத்து ரத்த அழுத்தம். ஏன் இவர்களுக்கு ரத்த அழுத்தம் அதிகம், ஏன் சிறு வயதிலேயே வருகிறது? ‘பரம்பரை’ என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ரிச்சர்ட் கூப்பரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அந்த எளிய பதிலுக்கு வேட்டு வைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கேமரூன். கரீபியனில் ஜமைக்கா, செயின்ட் லூசியா, பார்படோஸ். அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய மேவுட். இத்தனை இடங்களிலும் ஒரே முறையில் ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். எல்லோருக்கும் மூதாதையர் ஏறத்தாழ ஒரே பகுதி. மேற்கு ஆப்பிரிக்காவில் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்கள் 16 சதவீதம். கரீபியனில் 26. அமெரிக்காவில் 33.

அட்லாண்டிக்கைத் தாண்டத் தாண்ட ரத்த அழுத்தம் ஏறுகிறது. உடல் பருமன், உப்பு, உடலுழைப்புக் குறைவு எல்லாம் இதில் பெரிய பங்கு வகிக்கின்றன; ஆய்வாளர்களே அதைச் சொன்னார்கள். சரி, அந்தப் பருமனும் உப்பும் எங்கிருந்து வந்தன? 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடத்தில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பில் தீட்டி ‘ஆபத்தானவை’ என்று தரம் பிரித்தது. அப்படிப் பிரிக்கப்பட்ட பகுதிகளுக்குக் கடன் வராது. கடன் வராத இடத்துக்கு நல்ல வீடும் நல்ல கடையும் பூங்காவும் வருவதில்லை. நெடுஞ்சாலை வரும், தொழிற்சாலை வரும். இந்தச் சிவப்புக் கோடுகளைச் சட்டம் 1968-இல் தடை செய்தது. ஆனால் அந்தப் பகுதிகள் பலவற்றின் முகம் இன்னும் பெரிதாக மாறவில்லை.

இதற்கு மேல் இன்னொன்று உண்டு. ஆர்லைன் ஜெரோனிமஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கல் சீக்கிரமே தேய்வதுபோல, இடைவிடாத அவமதிப்பிலும் நெருக்கடியிலும் வாழும் உடம்பு வயதுக்கு முன்பே மூத்துவிடுகிறது என்பது அதன் சாரம். வெள்ளைப் பெண்களுக்கு இருபதுகளில் பிள்ளை பெறுவது பதின்ம வயதில் பெறுவதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் கறுப்பினப் பெண்களிடம், வயது ஏற ஏறக் குழந்தையின் நிலை மோசமாவதை அவர் தரவுகளில் பார்த்தார். அதுதான் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. ஆபத்து வரும்போது உடம்பு கார்டிசாலையும் அட்ரினலினையும் சுரந்து, இதயத்தை வேகப்படுத்தி, ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. புலி துரத்தினால் அது நல்லதுதான், ஓடித் தப்பிக்கலாம். ஆனால் போலீஸ் வண்டி பின்னால் வரும்போதும், கடையில் காவலாளி பின்தொடரும்போதும், வேலை நேர்காணலில் பெயரைக் கேட்டதும் முகம் மாறும்போதும் தினம் தினம் அதே ஓட்டம் உள்ளே நடந்தால், அந்த இறுக்கம் நிரந்தரமாகிவிடும். அந்த அழுத்தத்தில் முதலில் அடிவாங்கும் உறுப்புகளில் ஒன்று, மயிரிழை மெல்லிய ரத்தக் குழாய்களின் முடிச்சுகளால் ஆன சிறுநீரகம்.

மரபணுவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. 2010-இல் ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்கள் சிறுநீரக நோயோடு தொடர்புள்ளவை என்று கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்க உறக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிலிருந்து காக்கும் என்பதால் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அவை பரவின. தாய், தந்தை இரு வழியிலும் அவற்றைப் பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் ஏறத்தாழ 13 சதவீதம். இவர்களுக்கு ஆபத்து நிஜமாகவே அதிகம். மீதி 87 சதவீதம் பேருக்கு அந்த இரட்டை ஆபத்து இல்லை. நிறத்தைப் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று சொல்லவும் முடியாது. அதோடு ஒரு வேடிக்கை: உண்மையில் இருக்கும் மரபணு வித்தியாசம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, சூத்திரத்தில் இருந்த வித்தியாசமோ அதே சிறுநீரகத்தை நல்லதாகக் காட்டியது.

இந்த நிகழ்வில் என்னை உறுத்துவது இதுதான். சமூகம் ஒரு கூட்டத்தின் சிறுநீரகத்தைத் தேய்க்கிறது. பிறகு அதே கூட்டத்தின் அடையாளத்தைக் கொண்டு, தேய்ந்ததை மறைக்கிறது. காயமும் கட்டுப்போடாததும் ஒரே கையின் வேலை. நடுவில் ஒரு சூத்திரம் நிற்பதால் கை தெரிவதில்லை.

வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள்

பெருக்கலை வைத்துக்கொள்ளச் சொன்ன எதிர்த்தரப்பினர் எல்லோரும் மோசமானவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களின் வாதத்தில் சரக்கு இருக்கிறது.

பெருக்கலை எடுத்துவிட்டால், சராசரியாகக் கறுப்பினத்தவரின் வடிதிறன் உண்மையைவிடக் குறைவாக வரும். அதனால் சிலருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை நிறுத்தப்படலாம், ஏனென்றால் 30-க்குக் கீழே போனால் அதைக் கொடுக்கக் கூடாது. புற்றுநோய் மருந்தின் அளவு தேவையில்லாமல் குறைக்கப்படலாம். தன் சகோதரனுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வரும் கறுப்பினத்தவரை ‘உனக்கே போதாது’ என்று திருப்பி அனுப்பலாம். வயதையும் பாலினத்தையும் சூத்திரத்தில் வைத்திருக்கிறீர்களே, இனத்தை மட்டும் ஏன் எடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமில்லை. வயது என்றால் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஊர் மாறினால் அது மாறுவதும் இல்லை. மற்றவை நியாயமான கவலைகள். ஆனால் தவறு எந்தப் பக்கம் சாய்ந்தால் யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே தாமதமாக நிபுணரைப் பார்க்கும், தாமதமாகப் பட்டியலில் சேரும் கூட்டத்துக்கு, தாமதத்தை இன்னும் நீட்டும் பக்கமாகத்தான் இந்தத் தவறு சாய்ந்திருந்தது.

எவ்வளவு நீட்டியது என்பதற்கு 2020-இல் ஒரு விடை கிடைத்தது. பாஸ்டனில் உள்ள மாஸ் ஜெனரல் பிரிகாம் மருத்துவமனைக் குழுமத்தின் பதிவேட்டில் சிறுநீரக நோயுள்ள 2,225 ஆப்பிரிக்க அமெரிக்கர்களை எடுத்து, பெருக்கலை நீக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவர் நோயின் இன்னும் கடுமையான கட்டத்துக்குப் போனார். மொத்த 2,225 பேரில் 64 பேர் 20 என்ற கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள், அதாவது காத்திருப்புக் காலம் தொடங்கியிருக்க வேண்டியவர்கள். அந்த 64 பேரில் மாற்று அறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களோ பட்டியலில் சேர்ந்தவர்களோ எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

எனக்கு இந்த நிகழ்வு முழுவதிலும் மறக்க முடியாத எண் இந்தப் பூஜ்ஜியம்தான். பெருக்கல் எண் வெறும் கணக்குதான், டாக்டர்கள் நோயாளியை முழுமையாகப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்று வாதிட்டவர்கள் உண்டு. முழுமையாகப் பார்த்திருந்தால் 64 பேரில் நாலு பேராவது தேறியிருப்பார்கள்.

திருத்தம்

மாற்றம் மேலிருந்து வரவில்லை. பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2017-லேயே ரிப்போர்ட்டில் இனத்தைப் போடுவதை நிறுத்திவிட்டது. வனெசா கிரப்ஸ் போன்ற சிறுநீரக மருத்துவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். பல கல்லூரிகளில் மருத்துவ மாணவர்கள் வகுப்பில் எழுந்து ‘ஏன்?’ என்று கேட்டார்கள். தசை என்று பதில் வந்தால், ஆதாரம் எங்கே என்று அடுத்த கேள்வி. 2020 ஜூனில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு பெருக்கலைக் கைவிட்டது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸால் கொல்லப்பட்டு நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கொதிப்பு இல்லாமல் இவ்வளவு வேகமாக நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

அதே ஆண்டு தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவச் சங்கமும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. சிந்தியா டெல்காடோவும் நீல் பவும் தலைமை. 2021 செப்டம்பரில் அறிக்கை வந்தது: இனம் இல்லாத புதிய சூத்திரத்தை எல்லா லேப்களும் உடனே பயன்படுத்த வேண்டும், சிஸ்டாட்டின் சி என்ற, தசையை அதிகம் சாராத பரிசோதனையைப் பரவலாக்க வேண்டும். புதிய சூத்திரத்தை உருவாக்கியவர்களில் 1999-இல் முதல் சூத்திரத்தை எழுதிய அதே லீவியும் இருந்தார். தன் கணக்கைத் தானே அழித்து எழுதுவதற்கு ஒரு மனம் வேண்டும்.

இப்போது நம் ஆளின் மூன்றாவது விடை. 50 வயது, ஆண், கிரியாட்டினின் 3.6. 2021 சூத்திரப்படி 20. நிறம் கேட்கப்படவில்லை. கோட்டுக்குள் வந்துவிட்டார். இதே எண்கள் உள்ள வெள்ளையருக்கும் 20-தான். அவருடைய பழைய 19 ஒரு புள்ளி ஏறியிருக்கிறது. புதிய சூத்திரம் தவறே இல்லாதது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்த தவறை எல்லோர் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

உறுப்பு மாற்றுப் பட்டியலை நடத்தும் தேசிய அமைப்பு 2022 ஜூலையிலிருந்து இனம் கலந்த கணக்கைத் தடை செய்தது. தானமாக வரும் சிறுநீரகத்தின் தரத்தை மதிப்பிடும் குறியீட்டிலும், கொடுத்தவர் கறுப்பர் என்றால் தரம் குறைவு என்ற ஓர் அம்சம் இருந்தது. 2024-இல் அதுவும் போனது. வாங்கும் கறுப்பரின் சிறுநீரகம் நல்லது, கொடுக்கும் கறுப்பரின் சிறுநீரகம் மட்டம். இரண்டு விதியும் ஒரே பட்டியலில் பல வருடம் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன.

பழைய ரிப்போர்ட்டுகள்

மருத்துவத்தில் ஒரு சூத்திரம் மாறினால் இன்று முதல் புதியது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். இங்கே அதைத் தாண்டி ஒன்று நடந்தது. 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த விதி, பட்டியலில் இருக்கும் கறுப்பின நோயாளிகள் ஒவ்வொருவரின் பழைய பரிசோதனைகளையும் எடுத்துப் பார்க்கச் சொன்னது. பெருக்கல் இல்லாமல் போட்டால் எந்தத் தேதியில் 20-ஐத் தொட்டிருப்பார்? அந்தத் தேதியிலிருந்து காத்திருப்பைக் கணக்கிட்டு வரிசையில் முன்னால் கொண்டுவர வேண்டும். மருத்துவமனைகளுக்கு ஒரு வருடம் அவகாசம். 2024 மார்ச் நடுப்பகுதிக்குள் 14,300-க்கும் மேற்பட்டோருக்குக் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது. சராசரியாக ஆளுக்கு இரண்டு வருடம்.

வரிசையை இன்று முதல் சரிசெய்வதோடு நிற்காமல், பறித்த வருடங்களைத் தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தது அபூர்வமான விஷயம். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் திருப்பிக் கொடுக்க ஒரு தாள் தேவைப்பட்டது. ஐந்தாறு வருடம் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும், அதில் கிரியாட்டினின் எண் இருக்க வேண்டும். நல்ல இன்சூரன்ஸ் இருந்து, ஒரே டாக்டரிடம் ஒழுங்காகப் போய்வந்தவரின் ஃபைலில் அது இருக்கும். வேலை மாறும்போதெல்லாம் இன்சூரன்ஸை இழந்தவர், மூச்சு வாங்கி எமர்ஜென்சிக்கு ஓடியபோதுதான் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டவர், அன்றைக்கே டயாலிசிஸில் போடப்பட்டவர்: இவர்களிடம் அதற்கு முந்தைய தாள் எதுவும் இருக்காது. பட்டியலுக்கே வராதவர்களுக்கும், வரிசையில் நிற்கும்போதே இறந்தவர்களுக்கும் திருத்த ஒன்றும் இல்லை. நம் ஆள் 3.6 வந்த நாளன்று ரத்தம் கொடுத்திருந்ததால் அவருக்கு ஒரு தேதி கிடைத்தது. அந்தப் பரிசோதனைக்குப் போக அன்று அவருக்கு லீவு கிடைக்காமல் போயிருந்தால், அவருடைய காத்திருப்பு டயாலிசிஸ் நாற்காலியில் முதல் முறை உட்கார்ந்த நாளிலிருந்துதான் எண்ணப்பட்டிருக்கும்.